துணியின் இடது ஓரம்

நான் நெய்த துணியின் இடது ஓரம் உள்ளே வளைந்திருந்தது. எல்லா இடத்திலும் இல்லை. யாரோ கிள்ளி வைத்ததுபோல அங்கங்கே. வலது ஓரத்தில் ஒரு குறையும் இல்லை.

இதுவரை பிறர் வரைந்த வடிவங்களையே நெய்துகொண்டிருந்தேன். இதுதான் என் முதல் சொந்தக் கற்பனை. தறிக்கு எதிரே ஜன்னல், வெளியே ஒரு மரம். அன்றன்றைக்கு மரம் என்ன நிறத்தில் தெரிகிறதோ அந்த நிற நூல். வெயில் நாளில் இளம்பச்சை, மழை நாளில் சாம்பல். ஒரு நூலகம் தன் சுவருக்கு மூன்று துண்டுகள் கேட்டிருந்தது. ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைக்க வேண்டும். முதல் துண்டைப் பார்த்ததுமே, "அடுத்ததும் இப்படி இருந்தா வேற ஆளப் பாத்துக்குறோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

தறியைச் செய்தவர் என் கணவர், தச்சர். பழி தன் தலையில் விழுமோ என்று, மட்டம் பார்க்கும் ரசமட்டத்தோடு தறிக்கு அடியில் புகுந்தார். தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"தறி மேல தப்பில்ல. மழை ஈரத்துல நூல் ஊறியிருக்கும்."

எந்த நாள் மழை என்று துணியே சொல்லுமே! துண்டைத் தரையில் விரித்தேன். சாம்பல் பட்டைகளில் ஓரம் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. இளம்பச்சையில்தான் வளைவு எல்லாம். வெயில் நூலை என்ன செய்துவிடும்? எனக்கு மண்டை குடைந்தது.

மறுநாள் நல்ல வெயில். நெய்தபடியே என்னை நானே வேவு பார்த்தேன். குறுக்கு இழை சுற்றிய நாடா இடப்பக்கமிருந்து வலக்கைக்கு ஓடி வந்தது, கை நின்றுவிட்டது. இழையை இறுக்கி இழுத்துப் பிடித்திருந்தேன், மூச்சையும்தான். அந்த இழுப்பில்தான் இடது ஓரம் உள்ளே வளைந்திருக்கிறது. தலை இடதுபக்கம் சாய்ந்திருந்தது.

அந்தப் பக்கம் அப்பாவின் அறை.

அப்பா பேருந்து ஓட்டியவர், பட்டப்பெயர் ஹாரன். நெஞ்சுவலி வந்து படுத்த பிறகு ஹாரன் அடங்கிவிட்டது. மழை பெய்தால் மட்டும் பழைய வழுக்குச் சாலைகளின் நினைவில் வாய் ஓயாமல் மழையைத் திட்டுவார். அந்தக் குரல் கேட்டால் என் கை தானாக ஓடும். வெயில் நாளில் அறையில் சத்தமே இருக்காது. மூச்சு வருகிறதா என்று கேட்கத்தான் நான் நின்றுநின்று நெய்திருக்கிறேன். இவ்வளவு பயம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியவில்லை.

சமையலறையில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மெதுவா பேசு. அவருக்குக் கோளாறு நெஞ்சுலதான், காதுல இல்ல" என்றார்.

அடுத்த நாளும் மரம் பளிச்சென்று இளம்பச்சை. நாடாவைக் கையில் எடுத்ததுமே உள்ளேயிருந்து குரல் வெடித்தது.

"பாழாப்போன மழை! மனுஷன் வண்டிய ஓட்டுறதா, நீந்துறதா?"

வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

"அப்பா, வெயில் கொளுத்துது. எந்த மழையத் திட்டுறீங்க?"

"நாளைக்குப் பெய்யப்போற மழைய. நீ வேலையப் பாரு."

சிரிப்போடு அழுகையும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நெய்ய ஆரம்பித்தேன்.

மாலையில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சைகையில் வெந்நீர் கேட்டார். கொடுத்துவிட்டு வந்து, தறியில் அன்றைய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். நேராக இருந்தது.