டைமாங்லோ சொன்ன காலேஜ்

சைரன் அலறியது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை புயல் சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள் என்பது குவாம் தீவில் எல்லோருக்கும் தெரியும். அதனால் விமானப்படைத் தளத்தின் கல்வி அலுவலகத்தில் யாரும் தலை நிமிரவில்லை. பக்கத்து மேஜை பென்னி கிச்சோச்சோ மட்டும் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறுகையால் டப்பாவிலிருந்த சிவப்புச் சோற்றை அள்ளிக்கொண்டிருந்தான். படிப்பு ஆலோசகர் டெலியா டைமாங்லோவும் நிமிர்ந்திருக்க மாட்டாள். ஆனால் அந்த அலறலுக்கு நடுவே கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் வந்தான்.

"என்னப்பா, எனக்குச் சொல்லாம சண்டையை ஆரம்பிச்சுட்டீங்களா?"

அந்தக் குரலைக் கேட்டு பதினோரு வருடங்கள் ஆகியிருந்தன. தலையில் முடி குறைந்திருந்தது, இடுப்பில் சதை கூடியிருந்தது, சட்டைக் கையில் பதவிக் கோடுகள் ஏறியிருந்தன. வெண்டல் ஸ்ட்ரவுட். டெலியா படையில் இருந்தபோது வண்டிப் பட்டறையில் அவளுக்கு மேலே இருந்தவன். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு இப்போது அதே பட்டறைக்குத் தலைமை சார்ஜென்ட்டாகத் திரும்பி வந்திருக்கிறான் என்று போன மாதமே அவள் கேள்விப்பட்டாள். கேள்விப்பட்ட நாளிலிருந்து அந்தக் கதவின் மீது ஒரு கண் வைத்துத்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட, டைமாங்லோ! பிரேக்கைக் கழட்டச் சொன்னா, புத்தகத்தை வெச்சுக்கிட்டு வண்டிக்கு அடியில படுத்துக் கிடப்பியே, அந்தப் பொண்ணுதானே நீ?"

"உட்காருங்க, சார்ஜென்ட்."

"இப்ப மேடம்னு கூப்பிடணுமோ?" அவன் உட்கார்ந்ததும் நாற்காலி முனகியது. சுற்றிலும் பார்த்தான். "பாத்தியா, ஏசி ரூம், சொந்த மேஜை. அன்னிக்கு அந்த நர்ஸ் படிப்புக்குப் போயிருந்தா இந்நேரம் எவனோட மூத்திரச் சட்டியையாவது தூக்கிக்கிட்டு அலைஞ்சிருப்ப. நடந்ததெல்லாம் நல்லதுக்குத்தான்."

டெலியா சிரித்தாள். சிரிப்பு அவ்வளவு இயல்பாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. தீவின் கல்லூரி இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை பதினாறு பேரைத்தான் நர்சிங்கில் சேர்த்துக்கொள்ளும். பதினாறில் ஓர் இடம் அவளுக்குக் கிடைத்திருந்தது. கட்டணத்தைப் படையே கட்டும். மேலதிகாரியின் கையெழுத்தோடு விண்ணப்பம் இந்த அலுவலகத்துக்குக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் வந்துசேர வேண்டும், அவ்வளவுதான். விண்ணப்பம் ஸ்ட்ரவுட்டின் மேஜைத் தட்டில் பத்தொன்பது நாட்கள் கிடந்தது. தினமும் கேட்டாள். "முதல்ல வண்டி, அப்புறம்தான் வாத்தியாரம்மா வேலை" என்றான். கடைசி நாள் நாலு ஐம்பத்தொன்பதுக்குக் கையெழுத்தைக் கிறுக்கி, தாளை நீட்டி, "ஓடு ஓடு!" என்று கைதட்டினான். பட்டறையிலிருந்த எல்லோரும் சேர்ந்து கைதட்டினார்கள்.

ஓடினாள். அலுவலகக் கதவுக்கு முப்பது அடி இருக்கும்போது தளத்தின் ஒலிபெருக்கிகள் ஊதத் தொடங்கின. மாலை ஐந்துக்குக் கொடி இறங்கும் நேரம். சீருடையில் வெளியே இருப்பவர் யாராக இருந்தாலும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கொடிப் பக்கம் திரும்பி, பாட்டு முடியும்வரை சல்யூட்டில் இருக்க வேண்டும். கார்கள்கூட நின்றுவிடும். டெலியா நின்றாள். நெற்றியில் வலது கை, இடது கக்கத்தில் விண்ணப்பம், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒரு குமாஸ்தா அவளைப் பார்த்துக்கொண்டே ஜன்னல் தட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். இரண்டு நிமிடம். பாட்டு முடிந்து அவள் திரும்பிப் பார்த்தபோது, சாலைக்கு அந்தப் பக்கம் பட்டறையின் கூரைக்குக் கீழே ஸ்ட்ரவுட் காபி குடித்துக்கொண்டிருந்தான். கூரைக்குள் இருப்பவர் நிற்க வேண்டியதில்லை. அவனுக்கு மணி தெரியும். ஊதல் எப்போது வரும் என்பதும் தெரியும்.

அவள் இடம் வேறு யாருக்கோ போனது. அடுத்த மாதமே அவளைப் பாலைவனப் போர்முனைக்கு ஒரு வருடம் அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அம்மாவுக்குச் சிறுநீரகம் போயிருந்தது. படையை விட்டாள். வாரம் மூன்று நாள் அம்மாவை ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு சேர்த்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நர்சுகளின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த ஊசியை நான் இன்னும் வலிக்காமல் குத்தியிருப்பேன் என்று தோன்றும். ஒவ்வொரு முறையும் தோன்றும். ஏழு வருடம் மாலை வகுப்புக்குப் போய் வேறு ஏதோ ஒரு பட்டம் வாங்கி, கடைசியில் அதே தட்டி இறங்கிய ஜன்னலுக்குப் பின்னால் ஆலோசகராக வந்து உட்கார்ந்தாள். அவனை அதேபோல ஓடவிட்டு, மூக்குக்கு நேரே தட்டியை இறக்குவதாக எத்தனையோ முறை கற்பனை செய்திருக்கிறாள்.

சைரன் அடங்கியது. ஸ்ட்ரவுட் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஒரு உதவி வேணும். இன்னும் ரெண்டு வருஷத்துல ரிடையர் ஆறேன். பொண்டாட்டி இந்த ஊர்க்காரி, இங்கயே யீகோ கிராமத்துல வீடும் கட்டியாச்சு. இங்க ஒரு தொழிற்பள்ளியில மெக்கானிக் வாத்தியார் வேலை காத்துக்கிட்டிருக்கு. ரெண்டு வருஷ டிகிரி மட்டும் வேணுமாம். இருபது வருஷமா ரிப்பேர் புத்தகத்தைத் தவிர நான் எதையும் படிச்சதில்ல. உண்மையைச் சொல்லணும்னா பயமா இருக்கு. சிரிக்காத."

"சிரிக்கல, சார்ஜென்ட்."

மேஜைமேல் இரண்டு தாள்களை வைத்தான். ஒன்று தீவுக் கல்லூரியுடையது. மங்கலான ஜெராக்ஸ், ஓரத்தில் எண்ணெய்க் கறை. இன்னொன்று சில்வர் மெரிடியன் காலேஜ். வழவழப்பான அட்டையில் சீருடை போட்ட ஜோடி ஒன்று பட்டத் தொப்பியைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டெலியா தூக்கத்தில்கூடச் சொல்வாள். தீவுக் கல்லூரியில் பாதிக்குப் பாதி செலவு. வாத்தியார்கள் தளத்துக்கே வந்து மாலையில் வகுப்பெடுப்பார்கள். பின்தங்கியவர்களைச் சனிக்கிழமை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். பட்டறையில் படை கொடுத்த பயிற்சியையும் படிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். திடீரென்று வேறு நாட்டுக்கு அனுப்பிவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடர விடுவார்கள். சில்வர் மெரிடியனில் எல்லாம் தபாலிலும் கம்ப்யூட்டரிலும். சேரும்வரை ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்வார்கள். சேர்ந்த பிறகு நாம் செய்தால் எடுக்க மாட்டார்கள். அந்தப் பட்டத்தைத் தீவின் எந்தப் பள்ளியும் ஏற்றுக்கொண்டதில்லை. அங்கே ஏமாந்த ஆறு பேரின் கோப்புகள் அவளுடைய கீழ் டிராயரில் இருந்தன. அந்த அட்டையோடு யார் வந்தாலும், அவர்கள் உட்காருவதற்கு முன்னால் டிராயரைத் திறப்பது அவள் வழக்கம்.

டிராயரின் பிடி அவள் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. அவள் திறக்கவில்லை.

"ரெண்டுமே படை கொடுத்த பட்டியல்ல இருக்கு," என்றாள். அது பொய்யில்லை.

"அது சரி. நீயா இருந்தா எதுல சேருவ? உள்ளதைச் சொல்லு."

டெலியா வழவழ அட்டையை ஒரு விரலால் அவன் பக்கம் தள்ளினாள். "உங்களுக்கு இதுதான். யோசிக்கவே வேணாம்."

அவன் முகத்தில் பரவிய நிம்மதியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இனித்தது. தட்டியை இறக்குவது என்ன பெரிய விஷயம்? இரண்டு நிமிட வேலை. இது இரண்டு வருடம் ஓடும். அவன் தன் காலாலேயே ஓடுவான். ஓடி முடித்து, பட்டத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் நிற்பான். அப்போது யாரோ ஒருவர் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அவனைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். விண்ணப்பத்தில் ஸ்டாம்பை அழுத்திக் குத்தினாள். அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் சாலையோரக் கடையில் சுட்ட கோழி வாங்கி, எலும்பு எலும்பாக ருசித்துச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை கோப்புகளை அடுக்கும்போது பென்னி அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்தான்.

"அக்கா, ஸ்டாம்ப் கை தவறி விழுந்துடுச்சா?"

"சரியாத்தான் விழுந்திருக்கு."

"டிராயரைக் காட்டலையா?"

"அவர் கேக்கல."

"எவன்தான் கேட்டான்? போன வாரம் ஒரு லெஃப்டினென்ட்டையே சட்டையைப் பிடிக்காத குறையா உட்கார வெச்சு ஆறு ஃபைலையும் படிக்க வெச்சியே." பென்னி குரலைத் தாழ்த்தினான். "அந்த ஆளு உனக்கு என்ன பண்ணான்?"

"உன் சோறு ஆறுது."

பென்னி தோளைக் குலுக்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. ஆனால் ஸ்ட்ரவுட் வரும்போதெல்லாம் ஏதாவது சாக்கு வைத்து வெளியே போய்விடுவான்.

ஸ்ட்ரவுட் அடிக்கடி வந்தான். மதிப்பெண் தாளைப் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருவான். "ஏ! எல்லாத்துலயும் ஏ! என் அம்மா உயிரோட இருந்தா நம்பியிருக்க மாட்டா." ஆறு வாரத்தில் மூன்று பாடம் முடித்திருந்தான். தாளில் ஒரு திருத்தம்கூட இல்லை, அவன் எழுதியதை யாரும் திறந்து பார்த்த அடையாளமே இல்லை. டெலியா ஒவ்வொரு தாளையும் வாங்கிப் படித்து, "பிரமாதம், சார்ஜென்ட்" என்று திருப்பிக் கொடுத்தாள். உயரத்தில் ஏறட்டும், விழும்போது நன்றாக விழட்டும் என்று நினைத்துக்கொண்டாள். இரவு படுக்கும்போது அவன் குரல் ஞாபகம் வந்தால் முன்போல வயிறு எரியவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த பருவத்துக்கு விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள். மதியம் மூன்று மணிக்கு நடைபாதையில் பூட்ஸ் சத்தம் திமுதிமுவென்று கேட்டது. கதவு திறந்தது. கிரீஸ் வாசனையோடு பதினோரு இளைஞர்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். கடைசியில் ஸ்ட்ரவுட், ஒரு பெட்டி டோனட்டோடு.

"பட்டறையைப் பூட்டிட்டே வந்துட்டேன்," என்றான். "எல்லாரும் படிக்கணுமாம். எல்லாருக்கும் நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன். ஒருத்தரையும் நான் காக்க வைக்கல."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் டோனட் பெட்டியின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்க்கவில்லை.

டெலியா முதல் தாளை வாங்கினாள். சில்வர் மெரிடியன். இரண்டாவதும் அதுதான். மீதியைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. நாலு வருடம் அந்தப் பட்டறையில் குப்பை கொட்டியவள், எதை மறந்தாள்! அங்கே பெரியவர் செய்வதுதான் சட்டம். ஒரு தடவை ஸ்ட்ரவுட் வெயில் தாங்காமல் மீசையை எடுத்தான். அடுத்த திங்கட்கிழமை பட்டறையில் ஒரு மீசைகூட இல்லை. அவன் நீல வண்டி வாங்கினால் நாலு பேர் கடனுக்கு நீல வண்டி வாங்குவார்கள். அவனுக்கு வெட்டிய குழியில் அவன் மட்டும் விழுவான் என்று எப்படி நினைத்தாள்?

"சீக்கிரம் குத்துங்க மேடம், டோனட் தீர்ந்துடும்," என்றான் ஒரு சிவப்பு முடிக்காரன்.

"உனக்கு மார்க் எப்படி வரும் தெரியுமாடா? உன் வெல்டிங் மாதிரி கோணலா," என்றான் பின்னால் நின்றவன். வரிசை முழுக்கச் சிரித்தது.

முதல் தாளுக்குரியவள் மட்டும் சிரிக்கவில்லை. பெயர்ப்பட்டையில் ப்ரூஸார்ட் என்று இருந்தது. இருபது வயதுகூட இருக்காது. நகக்கண்ணில் கறுப்பு, கழுத்தில் வேர்க்குரு.

"நர்சிங்குக்கு முன்னாடி படிக்க வேண்டிய பாடமெல்லாம் இதுல இருக்குன்னு போன்ல சொன்னாங்க, மேடம்," என்றாள். கையில் இன்னொரு தாளையும் நாலாக மடித்து வைத்திருந்தாள். மங்கலான ஜெராக்ஸ். "நான் முதல்ல இதைத்தான் பாத்தேன். செலவு கம்மி, சனிக்கிழமை சொல்லியும் தராங்களாம். ஆனா நீங்கதான் அந்தக் காலேஜைச் சொன்னதா சார்ஜென்ட் சொன்னாரு. டைமாங்லோ இந்தப் பட்டறையில இருந்து போன பொண்ணு, நமக்குக் கெடுதல் சொல்ல மாட்டான்னாரு."

பென்னி வெளியே போகவில்லை. தன் மேஜையிலேயே உட்கார்ந்து, பேனாவை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஸ்டாம்ப் கையில் கனத்தது. குத்திவிடலாம். யாருக்கும் தெரியாது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து, இவர்கள் எல்லாம் எந்தெந்த நாட்டிலோ இருக்கும்போது, ஒருவர் பின் ஒருவராகத் தெரிந்துகொள்வார்கள். அவளைத் தேடி யாரும் வரமாட்டார்கள். ஸ்ட்ரவுட் இரண்டு வருடத்தில் அந்தப் பள்ளி வாசலில் நிற்பான், அவள் ஆசைப்பட்டபடியே. குத்தாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். இவர்கள் முன்னால். அவன் முன்னால். இந்த வேலை போகும். அது போகட்டும். அவன் அந்த மதிப்பெண் தாளைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்து அவள் அனுபவித்த சந்தோஷம் இரண்டு மாதத்திலேயே முடிந்துவிடும். இன்னும் உயரத்துக்கு ஏறட்டும் என்று காத்திருந்தாளே! அதை நினைத்தபோதுதான் அவளுக்கு நிஜமாகவே வலித்தது. தன் மீதே அருவருப்பும் வந்தது.

சிவப்பு முடிக்காரன் அதற்குள் இரண்டாவது டோனட்டை எடுத்துவிட்டான். ப்ரூஸார்ட் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெலியா எழுந்தாள். அந்தப் பெண்ணின் கையிலிருந்து மடித்த ஜெராக்ஸை உருவி, விரித்து, மேஜைமேல் வைத்து நீவினாள்.

"இதுல சேரு," என்றாள்.

"அப்ப அந்த ஃபார்ம்?"

"அதுல நான் ஸ்டாம்ப் போட மாட்டேன்." வரிசையின் கடைசிவரை கேட்கும்படி சொன்னாள். "உனக்கு மட்டுமில்ல. எல்லாருக்கும்தான். அந்தக் காலேஜ்ல ஒருத்தரும் சேராதீங்க. அந்தப் பட்டம் இந்தத் தீவுல எங்கயும் செல்லாது. இந்த ஃபார்மையெல்லாம் கிழிச்சுட்டுப் புதுசா எழுதுங்க, அஞ்சு மணிக்குள்ள நானே முடிச்சுத் தரேன்."

சிவப்பு முடிக்காரன் கடித்த டோனட்டை வாயிலேயே வைத்திருந்தான். ஒவ்வொருவராகத் திரும்பி ஸ்ட்ரவுட்டைப் பார்த்தார்கள், அடுத்து என்ன செய்வது என்று அவன் முகத்தில் எழுதியிருக்கும் என்பது போல. அவன் பெட்டியைக் கீழே வைத்தான். கையில் ஒட்டியிருந்த சர்க்கரையை மெதுவாகச் சீருடையில் துடைத்தான். மேஜைமேல் கிடந்த வழவழ அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான்.

"அப்ப அது எனக்கு மட்டும் சொன்ன காலேஜா, டைமாங்லோ?"