ஒன்பதாவது கட்டம்

நர்ஸுகளின் பாதங்களை அளந்து முடித்த பிறகும் கழுத்திலிருந்து இஞ்ச் டேப்பைக் கழற்றாததால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு டேப்பு என்று பெயர் நிலைத்துவிட்டது. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவர்களுக்கு எப்படிப்பட்ட ஷூ சரிப்படும் என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. அன்று மதியம் அது ஆய்வுக் குழுவின் முன்னால் போய் நிற்க வேண்டும். குழு தலையாட்டினால் இந்த வருடமே ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். ஆட்டாவிட்டால் அடுத்த வருடம். அந்தத் துறையில் அடுத்த வருடம் என்பது ஒரு ஊர் மாதிரி. போனவர்களில் பலர் அங்கேயே குடியேறிவிட்டார்கள்.

குடியேறியவர்களில் மூத்தவர் சீனியர். ஆய்வுக்கூடத்தின் நாற்காலிகளை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள், அவரை மாற்றவில்லை.

அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டியான கைடு காலையிலேயே வந்து உத்தரவு போட்டுவிட்டுப் போயிருந்தார். "காலோட எட்டு அளவுக்கும் நார்மல் பிளாட் போட்டுக் காட்டும்மா. எல்லாம் நேரா நிக்கணும். வளைஞ்சு கிளைஞ்சு நின்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

நார்மல் பிளாட் என்பது பள்ளிக்கூடத்தில் உயர வரிசைப்படி நிறுத்துகிற மாதிரிதான். அளவுகளைச் சின்னதிலிருந்து பெரிதாக நிறுத்தி, மணி வடிவப் பரவலின்படி ஒவ்வொன்றும் எங்கே இருந்திருக்க வேண்டுமோ அதோடு ஒத்துப் பார்ப்பது. ஒழுங்கான அளவென்றால் புள்ளிகள் ஒரு சாய்கோட்டின் மேல் நல்ல பிள்ளைகளாக நிற்கும். கோட்டிலிருந்து விலகினால் ஏதோ சங்கதி இருக்கிறது என்று பொருள்.

டேப்பு முதலில் மௌஸால் ஒவ்வொன்றாகப் போட்டாள். மெனுவைத் திற, அளவைத் தேர்ந்தெடு, சரி சொல், சேமி, திரும்பவும் மெனுவைத் திற. மூன்றாவது படத்தில் மென்பொருள் மூச்சை நிறுத்திவிட்டது. அவள் விடவில்லை. எண்கள் இருக்கிற எல்லாப் பத்திகளுக்கும் படம் போடு என்று ஒரே கட்டளையாக எழுதினாள். மென்பொருள் சொன்ன பேச்சை அப்படியே கேட்கிற ஜென்மம்; செல்போன் எண்ணுக்கும் சேர்த்துப் போட்டது. நர்ஸுகளின் செல்போன் எண்கள் நார்மலாகப் பரவவில்லை என்ற உண்மை அன்று உலகத்துக்கு முதன்முதலாகத் தெரியவந்தது.

திருத்தினாள். எட்டு அளவுகளின் பெயரையும் தானே எழுதிக் கொடுத்து, வரிசைக்கு மூன்றாக ஒரே பக்கத்தில் அடுக்கச் சொன்னாள். ஒன்பதாவது கட்டம் விழுந்த பல் மாதிரி காலியாக இருந்தது. அதில், கம்ப்யூட்டரே நார்மல் பரவலிலிருந்து குலுக்கி எடுத்த எண்களைப் போட்டு, 'ஒப்பீடு' என்று தலைப்பு வைத்தாள். உத்தமமான புள்ளிகளே எவ்வளவு தள்ளாடும் என்று தெரிந்தால்தானே கால்களைக் குறை சொல்ல முடியும்?

ஏழு அளவுகள் மானத்தைக் காப்பாற்றின. எட்டாவது, புறங்கால் சுற்றளவு, கவிழ்த்தது. முக்கால்வாசி தூரம் கோட்டோடு ஒட்டி வந்த புள்ளிகள் திடீரென்று மேலே துள்ளிவிட்டன.

சீனியர் எட்டிப் பார்த்தார். "ப்பூ, இதுக்கா முழிக்கிற? மேல துள்ளுறதை எல்லாம் டெலிட் பண்ணு. திரும்பப் படம் போடு. மறுபடி எவனாச்சும் துள்ளினா அவனையும் தூக்கு."

"எதுவரைக்கும்ணே?"

"நேராகுற வரைக்கும்."

"உங்க ஆய்வுல எத்தனை பேரு மிஞ்சினாங்க?"

"நாலு பேரு," என்றார் சீனியர் பெருமையாக. "ஆனா கோடுன்னா கோடு, ஸ்கேல் வச்ச மாதிரி!"

உச்சியில் தனியாக நின்ற புள்ளியை டேப்பு சொடுக்கினாள். வரிசை எண் வந்தது. பார்த்ததும் சிரிப்பு வந்தது. அது அவளுடைய அக்கா. நர்ஸ் அக்கா. வார்டு வார்டாகக் கூட்டிப்போய், 'என் தங்கச்சிதான், காலைக் காட்டு, கடிக்க மாட்டா' என்று எல்லாரையும் சம்மதிக்க வைத்தவள்.

போன் போட்டாள். "க்கா, உன்னை டெலிட் பண்ணச் சொல்றாங்க."

"தாராளமா பண்ணுடீ. இங்க ஒரு நாள் லீவு கேட்டாலே தர மாட்டேங்குறாங்க. நீயாவது குடு." மறுமுனையில் ஏதோ இழுபட்டது. "இரு, ஷூவைக் கழட்டிட்டுப் பேசுறேன். நைட்டு டூட்டி பாத்துட்டு இப்பதான் வந்தேன். காலு உள்ள போனா போகுது, வெளிய வர மாட்டேங்குது."

டேப்பு திரையில் அந்த உச்சிப் புள்ளியை மறுபடி பார்த்தாள்.

"என்னடீ, லைன்ல இருக்கியா, டெலிட் ஆயிட்டியா?"

"க்கா, உன் கால நான் எப்ப அளந்தேன்?"

"நான் டூட்டி முடிச்சுக் கிளம்புறப்ப வந்து மண்டி போட்டியே. என்ன, மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. முக்கால்வாசிப் பேரை டூட்டிக்கு வரும்போது அளந்திருந்தாள். கெஞ்சியும் கிடைக்காதவர்களை, கிளம்பும்போது வாசலில் மறித்து அளந்தாள். வந்தவர், போகிறவர் என்று ஒரு பத்தியில் குறித்தும் வைத்திருந்தாள். அதைத்தான் ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்தாள். துள்ளிய புள்ளிகள் எல்லாமே போகிறவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியாகப் படம் போடச் சொன்னாள். அடங்காத கூட்டம் சட்டென்று இரண்டு கோடுகளாக அடங்கி நின்றது, ஒன்று கீழே, இன்னொன்று சற்று மேலே.

"இப்பவாச்சும் டெலிட் பண்ணுவியா?" என்றார் சீனியர்.

"ஒருத்தரையும் பண்ண மாட்டேன்ணே," என்றாள் டேப்பு. "அந்த ஷூவே இவங்களுக்குத்தான்."

கருத்தரங்க அறையில் திரை கொஞ்சம் கோணலாகத் தொங்கியது. அதில் எந்தக் கோடும் நேராகத் தெரிய வாய்ப்பில்லை. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா முன்வரிசையில் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் கைடு. கண்ணாடியைத் தன் அறையில் வைத்துவிட்டு வந்திருந்தார். தலைப்பு படிக்கிற வழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது. ஒன்பது கட்டங்களும் திரையில் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மேடம், அந்தக் கடைசிப் படத்தைப் பாருங்க! அளவு எடுக்குறதுன்னா இப்படி எடுக்கணும். வருஷக்கணக்கா நான் குடுத்த பயிற்சி. இது எந்த அளவும்மா?"

கடைசி வரிசையில் சீனியர் கண்ணை மூடிக்கொண்டார். கணுக்கால் உயரம் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். கைடு குளிர்ந்துபோவார், குழு தலையாட்டும், இந்த வருடமே முடிந்துவிடும். டேப்பு கழுத்தில் தொங்கிய டேப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"அது கால் இல்ல சார். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்ட நம்பர். ஒப்பிட்டுப் பாக்க வச்சேன்."

மின்விசிறி மட்டும் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நிஜக் கால் இதுக்குப் பக்கத்துல இருக்கு," என்று எட்டாவது கட்டத்தைக் காட்டினாள். "வளைஞ்சுதான் இருக்கு. தப்பு என்னோடது. வேலைக்கு வர்ற காலையும் வேலை முடிஞ்சு போற காலையும் ஒண்ணாக் கலந்துட்டேன்." அடுத்த பக்கத்தில் இரண்டு கோடுகளையும் காட்டினாள். "யாரையும் எடுக்கல. கடைகள்ல வேலைக்கு வர்ற காலுக்கு ஷூ தைக்கிறாங்க. இவங்க நின்னு நின்னு வீங்கின காலோட வீட்டுக்குப் போறாங்க."

தேர்வாளர் அம்மா சிரிக்கவில்லை. "வந்தவங்க வேற ஆளு, போனவங்க வேற ஆளு. போனவங்களுக்குப் பொறப்புலயே பெரிய காலா இருந்தா? வீக்கம்னு எப்படிச் சொல்றீங்க?"

டேப்புவுக்கு அது தோன்றவே இல்லை. "சொல்ல முடியாது மேடம். அதே ஆளை ரெண்டு வேளையும் அளந்தாதான் சொல்ல முடியும்."

"அதான் சொன்னேன், அடுத்த வருஷம்..." என்று கைடு ஆரம்பித்தார். குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

"இல்ல சார். ஒரு மாசம்."

"அத்தனை பேரையுமா?"

"அத்தனை பேரையும்."

தேர்வாளர் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தாளில் 'ஒரு மாதம்' என்று எழுதி அடிக்கோடிட்டார். அந்தக் கோடும் கொஞ்சம் வளைந்துதான் இருந்தது.

வெளியே வந்ததும் டேப்பு போனை எடுத்தாள்.

"என்னடீ, பாஸா?"

"பாதி பாஸ். க்கா, நாளைக்கு டூட்டிக்கு எப்ப போற?"

"விடியக்காலையில. ஏன்?"

"அளக்க உன் காலு வேணும்."

"போறப்பவா, வர்றப்பவா?"

"ரெண்டு தடவையும்," என்றாள் டேப்பு, நடந்துகொண்டே. "அப்படியே உன் வார்டு மொத்தத்துக்கும் சொல்லி வை."