பிறந்த வீட்டுப் புரொசஸர்

பதுளையில் புவாத்தின் கம்ப்யூட்டர் கடைக்குள் பொன்னையா நுழைந்தபோது கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய வெள்ளைச் சட்டை, கையில் மடக்கிய குடை, சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு காகிதத் துண்டு. சாமான் வாங்க வந்தவரைப் போல அவர் நிற்கவில்லை. பெண் கேட்டு வந்தவரைப் போல நிமிர்ந்து நின்றார்.

காரணம் இருந்தது. தங்கை நல்லம்மா தேயிலைத் தோட்டத்து லயத்து அறையை விட்டு, தெமோதரையில் ஏழு பேர்ச் காணியில் கட்டிய சொந்த வீட்டுக்கு வெள்ளிக்கிழமை குடிபுகுகிறாள். பெற்றவர்கள் போய்விட்டார்கள். பிறந்த வீட்டுச் சீர் கொண்டுபோக அண்ணன் ஒருவர்தான் மிச்சம். புருஷனை இழந்தவளுக்குப் பின்னால் ஆள் நிற்கிறதா இல்லையா என்பதை வாசல்படி ஏறும் அந்தச் சீர்த் தட்டை வைத்துத்தான் ஊர் முடிவு செய்யும். இது பொன்னையாவின் எண்ணம். அவரைக் குறை சொல்லவும் முடியாது. தோட்டங்களில் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது.

ஆனால் இந்த முறை சீர் குத்துவிளக்கு இல்லை. நல்லம்மாவின் மகள் தயானி குறுக்கே புகுந்துவிட்டாள். "ஒம்போது குத்துவிளக்கு வந்து மூலைல நிக்கறதுக்கு, ஆளுக்கொரு சாமான் எடுத்துத் தாங்க. நான் கம்ப்யூட்டர் கட்டிக்கிறேன்" என்று உறவுக்காரர் எல்லோருக்கும் துண்டு எழுதிக் கொடுத்தாள். வீடியோ கேம் செய்யும் கொழும்புக் கம்பனி ஒன்று அவளை வேலைக்கு எடுத்திருந்தது. விளையாட்டு வெளிவருமுன் ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். அதற்கு அந்த விளையாட்டுகளைத் தாங்குகிற கம்ப்யூட்டர் ஒன்று திங்கட்கிழமைக்குள் தயாராக வேண்டும். இல்லையென்றால் கொழும்பில் அறை எடுத்துத் தங்கிக் கம்பனிக்குப் போக வேண்டும். நல்லம்மா புது வீட்டில் தனியே கிடப்பாள்.

மாமன் பங்குக்கு வந்தது கம்ப்யூட்டரின் மூளையான புரொசஸர்.

"ரைசன் 5 5600," துண்டை வாசித்தான் புவாத். "நல்ல சாமான், ஐயா. கடைல ஈக்குது."

"இதுக்கு மேல என்ன இருக்கு?"

"மேல ஈக்குது. ஆனா புள்ள இதத்தானே எழுதியீக்கிறா."

"புள்ள மாமனோட கையப் பாத்துக் கொறச்சு எழுதியிருப்பா. அஞ்செல்லாம் எங்க வீட்டுக்குக் காணாது. ஏழு காட்டுங்க."

புவாத் கண்ணாடி அலுமாரியிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்து வைத்தான். ரைசன் 7 7700. "இது பெரிசுதான். ஆனா ஐயா, இது புது சொக்கெட். பழைய மாதிரி மதர்போர்டுல உக்காராது. புள்ளகிட்ட என்ன போர்ட் ஈக்குது?"

பொன்னையாவின் முகம் இறுகியது. போர்ட் கொடுப்பவள் சிவபாக்கியம். நல்லம்மாவின் நாத்தனார், கொஸ்லந்தையில் கொழுந்து பறிக்கிறவள். இருபத்தேழு வருடங்களுக்கு முன், நல்லம்மாவின் கல்யாணத்தன்று, பிறந்த வீட்டுத் தட்டுகளைச் சபை நடுவே விரல் நீட்டி எண்ணி, "ஒம்போதுதானா?" என்று கேட்டவள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. பொன்னையாவின் அப்பா தலை குனிந்ததை அந்தப் பதினாறு வயது மறந்திருக்கலாம், பொன்னையா மறக்கவில்லை. அதன்பிறகு நல்லது கெட்டதில் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

"போர்ட் எடுக்கறவங்களுக்கு ஒரு போன் கோல் போட்டுக் கேளுங்களே," என்றான் புவாத்.

"அவங்க குடுக்கறத அவங்க பாத்துக்குவாங்க. எங்க சீர நாங்க பாத்துக்குவோம்."

"அப்ப மருமகள்கிட்டயாவது…"

"தம்பி, பெட்டியப் பொதிங்க."

புவாத் பொதிந்தான். "சீல் ஒடைக்காம வச்சா ஒரு கிழமைக்குள்ள மாத்தலாம், ஐயா" என்று மட்டும் சொன்னான்.

"எங்க வீட்டுச் சீர் திரும்பி வராது," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார் பொன்னையா.

வெள்ளிக்கிழமை காலை பால் பொங்கியது. வெற்றிலை, பாக்கு, தேங்காய், சீப்பு வாழைப்பழம், நடுவில் ரைசன் 7. தட்டைப் பொன்னையாவே தோளளவில் ஏந்திப் படியேறினார். உள்ளே சிவபாக்கியத்தின் தட்டு முன்பே வந்திருந்தது. அதில் இருந்த பெட்டி அகலமாக, பார்க்கப் பெரிதாக இருந்தது.

"மாமன் பெட்டி சிறுத்துப் போச்சே," என்றார் பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர்.

"பெட்டியப் பாக்காதீங்க. உள்ள இருக்கறது ஏழு," என்றார் பொன்னையா, சிவபாக்கியத்தின் காதிலும் விழும்படி.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

தயானி பெட்டியைக் கையில் எடுத்தாள். மேலே எழுதியிருந்ததை ஒருமுறை படித்தாள், இன்னொரு முறை படித்தாள். "நல்லா இருக்கு, மாமா" என்றாள். காலில் விழுந்து கும்பிட்டாள். பிறகு எல்லாப் பெட்டிகளையும் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். ஏழைப் பார்த்துப் பிள்ளை வாயடைத்துப் போனாள் என்று பொன்னையா நினைத்துக்கொண்டார். அன்று இரண்டு தரம் கேட்டு வாங்கிப் பாயசம் குடித்தார்.

பின்னேரம், வந்தவர்கள் போனபிறகு, கை கழுவ அவர் பின்பக்கம் போனார். சமையலறைக்குள் தாயும் மகளும் பேசுவது கேட்டது.

"மாமாகிட்ட சொல்லாதீங்கம்மா. நான் கொழும்புக்கே போறேன். ஒரு வருசம்தானே."

"அப்ப அந்தச் சாமான் எதுவுமே ஆகாதா?"

"எல்லாம் நல்ல சாமான். மாமா குடுத்தது அத்தை குடுத்த போர்டுல பொருந்தாது, அவ்வளவுதான். ஒண்ண மாத்தணும். யார் சீரைத் திருப்பிக் குடுக்கச் சொல்றது? மாமா சபைல எப்படி நின்னாரு, பாத்தீங்கல்ல."

பொன்னையாவின் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கத் தோன்றவில்லை. தங்கைக்குத் துணையாக நிற்கத்தான் தட்டேந்தி வந்தார். அந்தத் தட்டே அவள் மகளைக் கொழும்புக்கு அனுப்பப் பார்க்கிறது.

அதற்குள் மறுபக்க வாசலில் அம்மியருகே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சிவபாக்கியம் ஈரக் கையோடு உள்ளே வந்துவிட்டாள்.

"என்னோடத மாத்திக்குவோம்," என்றாள். "பொறந்த வீட்டுச் சீர் படியேறிட்டுத் திரும்பி எறங்கக் கூடாது. நல்லா இருக்காது."

"அத்தை, போர்ட மாத்தினா மெமரியும் மாத்தணும். அது கூட்டாளிங்க சேந்து வாங்கிக் குடுத்தது."

"அதுக்கு என்ன செய்யலாம்னு பாப்போம். மச்சான் முகம் கெடக் கூடாது. ஒருக்கா எங்க வாயால கெட்டது போதும்."

நல்லம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "அது எப்பயோ நடந்தது. இன்னுமா மனசுல வச்சிருக்கே?"

"எனக்கு அப்ப புத்தி இல்ல, அண்ணி. எண்ணிட்டேன். அதுக்குத்தான் இந்த வாட்டி பிசகக் கூடாதுன்னு பண்டாரவளைல மூணு கடை ஏறினேன். எனக்கு இங்கிலீசு தெரியாதில்ல? துண்டப் பெட்டி மேல வச்சு, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாத்து எடுத்தேன். ரெண்டு கடைல ஒரு எழுத்துக் கூடுதலா வந்திச்சு. வேணாம்னுட்டேன்."

வெளியே நின்றவருக்கு அதுதான் சுட்டது. தேயிலைத் தொழிற்சாலை ஆபிசில் முப்பத்திரண்டு வருடம் இங்கிலீசில் எழுதிய கை தன்னுடையது. பிள்ளை எழுதிய துண்டைச் சின்னது என்று ஒதுக்கியதும் அதே கைதான்.

அவர் உள்ளே போனார்.

"தயானி, சீல் ஒடைச்சியா?"

"இல்ல, மாமா. மேல படிச்சதுமே தெரிஞ்சிது."

"கொண்டா." பெட்டியை வாங்கிக்கொண்டார். "உங்க அத்தை எழுத்துக் கூட்டி வாங்கினது திரும்பக் கூடாது. எழுத்துத் தெரிஞ்சவன் பாக்காம வாங்கினதுதான் திரும்பணும்."

"அண்ணே, நாலு பேரு கேட்டா?" என்றாள் நல்லம்மா.

"பொன்னையா பிழையா வாங்கிட்டான்னு சொல்லு. நான் சொல்லச் சொன்னேன்னும் சொல்லு." பிறகு, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டே, "பாக்கியம் இன்னிக்குக் கொஸ்லந்தைக்குப் போக வேணாம். நாளைக்கு இருந்துட்டுப் போகட்டும்."

இருபத்தேழு வருடத்தில் அந்தப் பெயரை அவர் வாய் சொன்னது அன்றுதான்.

சனிக்கிழமை கடை திறக்கும்போதே பொன்னையா வாசலில் நின்றார். அதே வெள்ளைச் சட்டை, நல்லம்மா தோய்த்து இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுத்தது. கடைக்குள் முன்பே நாலைந்து இளைஞர்கள் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்:

"தம்பி, நான் பிழையாக் கொண்டு போயிட்டேன். புள்ள எழுதினதையே தாங்க."

புவாத் சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டான். "அல்ஹம்துலில்லாஹ், சீல் அப்படியே ஈக்குது. ஆனா ஐயா, இந்த முறையாவது போர்ட் என்னன்னு கேட்டுச் சொல்லுங்க. கேக்காம நான் தர மாட்டேன்."

நியாயமான வார்த்தை. பொன்னையா போனை எடுத்து நல்லம்மா வீட்டுக்கு அடித்தார். எடுத்தது நல்லம்மா இல்லை.

"மச்சான், நான்தான். அண்ணியும் புள்ளயும் கோயிலுக்குப் போயிருக்காங்க."

அவர் தொண்டையைச் செருமினார். "உன் பெட்டி மேல என்ன எழுதியிருக்கு, பாக்கியம்?"

போனுக்குள் கதவு திறக்கும் சத்தம். காகிதம் சரசரத்தது. "துண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கிறேன், இருங்க. முதல்ல ரெண்டு வயிறு வச்ச எழுத்து. அப்பறம் அஞ்சு. இன்னொரு அஞ்சு. சைபர்."

"பி ஐந்நூற்றைம்பது," என்றார் பொன்னையா புவாத்திடம்.

"அப்ப சரி. கச்சிதமா உக்காரும்."

புவாத் சிறிய பெட்டியை எடுத்து வைத்தான். பொன்னையா போனைக் காதிலிருந்து எடுக்காமலே மறு கையால் சட்டைப் பைத் துண்டை விரித்தார். பெட்டியின் மேல் வைத்து, விரலை நகர்த்தி, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தார். இளைஞர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். அவர் அவசரப்படவில்லை.

"இருக்கீங்களா, மச்சான்?"

"இருக்கேன். பாக்கியம், அந்தத் தட்டக் கழுவி வை. வெத்தலை வாடிப் போயிருந்தா புதுசு எடுத்து வை. பத்தர வரைக்கும் ராகு காலம், அது கழிஞ்சுதான் படியேறுவேன்."

"இன்னொரு வாட்டியும் தட்டா?"

"சீர் வெறும் கையில தூக்கிட்டு வரக் கூடாதும்மா," என்றார் பொன்னையா. "நீயே தட்டோட வாசல்ல நின்னு வாங்கு."