கனகலட்சுமிக்கு ஒத்துக்கொள்ளாத ஊசி

1.

இங்கன வாங்க மக்கா, கிட்ட வந்து உட்காருங்க. ஒரு கதை சொல்லப் போகிறேன். ஊசி உண்டு, வலி உண்டு, இரண்டு சம்பந்திகள் உண்டு. ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் சம்பந்திகளுக்கும் கொஞ்சம் பயந்துகொள்ளலாம்.

கதை முழுசும் என்னுடையது என்று சொல்ல முடியாது. திருவேங்கடம் டவுன் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். "அது அலர்ஜி இல்லையாம்ட்டி, வெறும் வாந்திதானாம்" என்று ஒருத்தி சொல்ல, மற்றவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் விசில் ஊத மறந்தார். எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வரிதான். மீதியெல்லாம் கைச்சரக்கு.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சங்கரன்கோவிலின் அந்த மருத்துவமனை அறையில், வேதனையின் கரிய சிறகுகள்—"

வேண்டாம். தொடை எலும்பு முறிந்தவளுக்குச் சிறகு எதற்கு?

மறுபடியும்: பனவடலிசத்திரத்துக் கனகலட்சுமி ஸ்கூட்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். நாளைக்கு ஆபரேஷன். அதுவரை கடும் வலியை அடக்க 'மார்பின்' என்கிற மருந்தை ஊசியாகப் போடலாம். போட மாட்டேன் என்கிறார்கள். 'மார்பின் அலர்ஜி' என்று மகன் பேச்சிராஜா சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே சொல்லிவிட்டான். ஏதோ சாதாரண மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. வலி அதைச் சட்டை செய்யவில்லை.

3.

அந்த அலர்ஜி பிறந்த விதம் இது. சில வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். மார்பின் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூக்கு அரித்தது. பார்க்க வந்திருந்த ராயகிரி சம்பந்தி முருகம்மாளின் பட்டுச்சேலையில் வாந்தி எடுத்தாள். அதோடு விட்டிருந்தால் சேலையோடு போயிருக்கும். அரைக்கண் மூடியபடி பேசவும் செய்தாள்.

"மதினி, நீங்க தூக்குல குடுத்துவிட்ட சாம்பாரைக் கொல்லையில முருங்கைக்குத்தான் ஊத்துனேன். முருங்கையும் பட்டுப்போச்சு."

பேச்சிராஜாதான் பாய்ந்தான்: "அலர்ஜி, அத்தை! அம்மா பேசல, மருந்து பேசுது!"

முருகம்மாள் ஏற்றுக்கொண்டாள். குடும்பம் பிழைத்தது. அன்றிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அலர்ஜியும் கூடவே போனது.

[சாம்பாரை மருமகள் வேல்விழி வைத்ததாக எழுதிப் பார்த்தேன். மருமகள் பாவம். அவள் அம்மா தலையில் போட்டுவிட்டேன்.]

4.

இந்தத் தடவை டாக்டர் ஜெனிபா பார்க்க வந்தபோது முருகம்மாள் கட்டிலருகே நின்று கனகலட்சுமிக்கு விசிறிக்கொண்டிருந்தாள். (முதலில் எழுதியதில் இவளை டீ குடிக்க அனுப்பியிருந்தேன். கனகலட்சுமி உண்மையைச் சொன்னாள், ஊசி போட்டார்கள், கதை ஐந்து வரியில் படுத்துவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வரச் சொன்னேன்.)

"அலர்ஜின்னா என்ன ஆச்சு? முகம், உதடு, நாக்கு வீங்குச்சா? மூச்சு இழுத்துச்சா? உடம்பெல்லாம் தடிச்சுதா? பிரஷர் இறங்கி மயங்கிட்டாங்களா?"

"பெரிய அலர்ஜி மேடம்," என்றான் பேச்சிராஜா.

"பெருசா சின்னதான்னு கேக்கல. வீங்குச்சா?"

பேச்சிராஜா மாமியாரைப் பார்த்தான். பிறகு மின்விசிறியைப் பார்த்தான்.

"நெசமான அலர்ஜின்னா உயிருக்கே ஆபத்து, அந்த ஊசி பக்கமே நான் போக மாட்டேன்," என்றாள் ஜெனிபா. "வாந்தி, அரிப்பு, தூக்கம், இதெல்லாம் இந்த மருந்து பலபேருக்குச் செய்யுத சேட்டை. வாந்திக்கு வேற ஊசி இருக்கு, அளவைக் குறைச்சுக் கூடவே இருந்து பாத்துக்கிடலாம். எதுன்னு நீங்க சொன்னாத்தான் தெரியும்."*

முருகம்மாளின் விசிறி நின்றது.

"அலர்ஜின்னா மருந்து பேசுச்சு. அலர்ஜி இல்லைன்னா மதினி பேசினாவ. அப்படித்தான டாக்டரம்மா?"

"மயக்கத்துல பேசுனது நெசமா பொய்யான்னு பாக்க டெஸ்ட் கிடையாதும்மா."

கனகலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். உண்மையைச் சொன்னால் ஊசி கிடைக்கும், சம்பந்தி போய்விடுவாள். காலையிலிருந்து அவள் சம்பந்தி உறவைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஸ்ட்ரெச்சர் இவள் கட்டிலில் இடித்தது.

"எம்மா! வீங்கவும் இல்ல, மூச்சு இழுக்கவும் இல்ல! வாந்தி எடுத்தேன், மூக்கு அரிச்சுது, அவ்வளவுதான்! ஊசியப் போடு தாயி!"

"அப்போ முருங்கை?" என்றாள் முருகம்மாள்.

"பட்டுத்தான் போச்சு மதினி."

5.

முருகம்மாள் விசிறியை எறிந்துவிட்டு ராயகிரி பஸ் ஏறுவதாக ஒரு முடிவு எழுதினேன். வேல்விழி அந்த வீட்டில் வாழ வேண்டுமே. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவதாக இன்னொன்று. முறிந்த தொடையோடு எப்படிக் கட்டிப்பிடிப்பது? இரண்டையும் கிழித்தேன்.

முருகம்மாள் ஸ்டூலை இழுத்து, கனகலட்சுமியின் வாய்க்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"போடுங்க டாக்டரம்மா. இன்னும் என்னெல்லாம் உள்ள வச்சிருக்காவன்னு கேட்டுருவோம்."

"அத்தை, வெளிய போயி ஏதாவது சாப்பிடுவமா?"

"நீங்க போங்க மருமவனே."

வாந்திக்கு முதலில் ஒன்று, பிறகு கொஞ்சமாக மார்பின். ஜெனிபா உதட்டையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே நின்றாள். எதுவும் வீங்கவில்லை. கனகலட்சுமியின் நெற்றி மெல்லத் தளர்ந்தது. கண் பாதி மூடியது.

"மதினி..."

"சொல்லுங்க மதினி, இங்கனதான் இருக்கேன்."

"உங்க..."

இதற்கு மேல் எழுத மாட்டேன். அடுத்த சொல் உங்கள் பொறுப்பு. அவளை நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வைத்தாலும் சரி, வத்தக்குழம்பை இழுக்க வைத்தாலும் சரி. வலி இறங்கிவிட்டது, என் வேலை முடிந்தது. சம்பந்தி கோபித்துக்கொண்டால் சமாதானமும் நீங்கள்தான்.

உங்கள் வீட்டில் நோகிறவர்கள் நோகிறது என்று வாய்விட்டுச் சொல்லட்டும். கேட்கிறவர்கள் என்ன ஏது என்று முழுசாகக் கேட்கட்டும். உங்கள் சம்பந்திமார் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரட்டும். பிள்ளைகுட்டிகளோடு நல்லா இருங்க மக்கா.

––––

* கதையைக் கேட்டு ஊசி விஷயத்தில் யாரும் தானாக முடிவெடுக்க வேண்டாம். டாக்டரிடம் 'அலர்ஜி' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். சாம்பாரை விட்டுவிடலாம்.