உடைத்துப் பார்த்த கல்

என் மகன் அருள்நாதன் கடலில் போய்விட்டான் என்று எண்பத்து நாலாம் வருஷம் ஆனி மாதம் தந்தி வந்தது. நான் நம்பவில்லை. கடலுக்கு அடியிலிருந்து கல் எடுக்கிற கப்பலில் வேலை செய்தபோது விழுந்தானாம், உடம்பு கிடைக்கவில்லையாம். கடலில் என்ன கல்? நாற்பது வருஷம் இந்த ஜில்லா முழுக்கக் கிணறு வெட்டியவன் நான். கல் வேண்டுமென்றால் இங்கே வந்து வெட்டிக்கொண்டு போகட்டும். நடுக்கடலில் தண்ணீருக்கடியில் போய் எவனாவது கல் பொறுக்குவானா?

போர்வெல் வண்டியில் இருந்தவனை, கம்பிவடம் பிடிக்கத் தெரியும் என்று கப்பல் வேலைக்குக் கோவாவுக்குக் கூட்டிப்போனார்கள். அவன் சிநேகிதன் ஏரியூர் பச்சியப்பனும் கூடப் போனான். கிளம்பின அன்றைக்கு, "பொய் சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போறானுங்க, போய் ஏமாந்துட்டு வா" என்றுதான் சொன்னேன். மகன் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினான். அந்தக் கோபத்தில்தான் பம்பாயில் எங்கேயோ ஒளிந்திருக்கிறான் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். தந்தி என்ன தந்தி, காகிதம் எதை வேண்டுமானாலும் சொல்லும்.

என் சம்சாரம் மதலேனம்மாளுக்குத்தான் கஷ்டம். எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் செபமாலை. முதலில் உயிரோடு இருக்கிறவர்கள் பேரைச் சொல்லி வேண்டிக்கொள்வோம். கடைசியில் செத்தவர்கள் பேர். தந்தி வந்த அன்று அவள் நடுவில் நிறுத்திவிட்டாள்.

"நீங்களே சொல்லுங்க. எம்புள்ளய எதுல சேக்கறது?"

"உசுரோட இருக்கறவங்களோட சொல்லு."

"சாமியாரு அவன் ஆத்துமாவுக்குப் பூசை வெக்கலாங்கறாரு..."

"அவரு போயிப் பாத்தாரா? பூசையும் வேணாம், ஒண்ணும் வேணாம். பேர மாத்துனீன்னா இந்த வூட்டுல நான் சோறு திங்கமாட்டேன்."

அவள் தினமும் உயிரோடு இருக்கிறவர்களில் கடைசியாக அவன் பேரைச் சத்தமாகச் சொன்னாள். எனக்கு அது போதும்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் பச்சியப்பன் வந்தான். ஆள் பாதியாகிவிட்டான். என் சம்சாரம் களையெடுக்கப் போயிருந்தாள்.

"ஏண்டா, நாலு மாசமா எங்கடா இருந்த? அவன எங்க வுட்டுட்டு வந்த?"

"ஒங்க மூஞ்சியில முழிக்கத் தைரியம் இல்லீங்க மாமா. அன்னிக்கு அந்த வடத்துகிட்ட நிக்க வேண்டியது நானு. வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடந்தேன். 'ஒகேனக்கல்லு பரிசல்லயே தலை சுத்தறவன் நீ, ஒனக்குக் கப்பலு கேக்குதா? படுறா'ன்னு சிரிச்சிட்டு அவன் போனான். வடம் அறுந்து ஒரே வீச்சுல அவனக் கடல்ல தள்ளிருச்சு. ரெண்டு நாளு கப்பலு அவனத் தேடிக்கிட்டு அங்கியே சுத்துச்சுங்க."

"எவ்ளோ ஆழம்?"

"அஞ்சு கிலோமீட்டரு."

"ஆழத்த எவனாவது கிலோமீட்டருல சொல்லுவானா? பொய் சொன்னாலும் பொருத்தமாச் சொல்லுடா."

"இங்கிருந்து இண்டூரு இருக்கற தூரத்த நட்டுக்க நிறுத்துனா அவ்ளோ ஆழங்க. மேல இருந்து கூடய எறக்கி அள்ளுவாங்க."

பையிலிருந்து ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தான். உருளைக்கிழங்கு அளவில் கறுப்பாக ஒரு கல். ஆபீசருக்குத் தெரியாமல் எடுத்து வந்தானாம். அதில் செம்பும் நிக்கலும் இருக்கிறதாம். தூக்கிப் பார்த்தேன், கனமில்லை. நகத்தால் கீறினால் விரலில் கரி ஒட்டியது.

"செங்கச் சூளையில உருகிக் கெட்டியான கிட்டத்தப் பொறுக்கிக் கொண்டாந்து காட்டறியா? இருடா."

சுத்தியை எடுத்து ஒரே போடு. இரண்டாகப் பிளந்தது. உள்ளே வெங்காயம் மாதிரி அடுக்கு அடுக்காக இருந்தது. நடு மத்தியில் ஒரு பல். முக்கோணமாக, என் கட்டைவிரல் அகலத்துக்கு.

"சுறாமீன் பல்லுங்க மாமா. அதச் சுத்தித்தான் கல்லு வளருமாம். நகத்துக் கனம் வளர லட்சக்கணக்கான வருசம் ஆவும்னாங்க."

எத்தனை ஆயிரம் கல்லை உடைத்திருப்பேன், ஒன்றுக்குள்ளும் பல்லைப் பார்த்ததில்லை. சூளையில் சுறா ஏது? அப்படியானால் அவன் சொல்கிற இடம் இருக்கிறது. கல் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, வடம் இருக்கிறது. பம்பாய்தான் இல்லை. சுத்தியைக் கீழே வைத்தேன். பச்சியப்பன் என் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

பொழுது சாய அவள் வந்தாள். அவனையும் கல்லையும் பார்த்தாள்.

"மதலேனா," என்றேன், "பேர மாத்திடு."

"மாத்தி நாலு மாசம் ஆச்சுங்க."

"தெனமும் எங்காதுல உளுவுதே. உசுரோட இருக்கறவங்களோடதானே சொல்ற?"

"அது ஒங்களுக்காவ. கடசியில செத்தவங்களோட வாய்க்குள்ள இன்னொருக்கா சொல்லிக்குவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

பக்கத்தில் முழங்கால் போட்டுக்கொண்டுதான் இருந்தேன் நாலு மாதமும். அவள் உதடு அசைவதை ஒரு நாளும் நான் பார்க்கவில்லை. தனியாகவே பிள்ளையை அடக்கம் பண்ணியிருக்கிறாள்.

கிளம்பப் பார்த்த பச்சியப்பனை அவள் விடவில்லை. கை கழுவத் தண்ணீர் கொடுத்துக் களியும் குழம்பும் வைத்தாள். அவன் தின்று முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்து, பிள்ளை கப்பலில் என்ன சாப்பிட்டான், எங்கே படுத்தான், காய்ச்சல் கண்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் ஒன்றையும் கேட்கவில்லை. மகன் என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று ஒரு கேள்வி இருந்தது. அதையும் கேட்கவில்லை.

விளக்கு வைத்தாயிற்று. செத்தவர்கள் முறை வந்தபோது அவள் நிறுத்தி என்னைப் பார்த்தாள். என் அப்பன் பேரைச் சொன்னேன். ஆத்தா பேரைச் சொன்னேன். அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை.