மொத்தமாகப் போகும் பக்கம்

பொங்கியண்ணனுக்குக் காத்திருப்பது மட்டும் ஆகவே ஆகாது. காந்திபுரத்தில் கவுண்டர் வீட்டு வரன்களைச் சேர்த்து வைக்கும் அந்தத் தரகர், 1999-ல் தன் தகவல் மையத்தை இன்டர்நெட்டில் ஏற்றத் துணிந்தார். அந்தப் பக்கத்தைச் செய்து தர வந்து மாட்டிக்கொண்டவள், கம்ப்யூட்டர் படித்த சண்முகப்பிரியா.

முதலில் அவள் முறையாகத்தான் செய்தாள். மாப்பிள்ளை வீட்டார் கேட்பதற்கு ஏற்ற பெண்களை மையத்தின் சர்வர் கம்ப்யூட்டரே பொறுக்கி, பக்கத்தை முழுதாகச் செய்து அனுப்பும். ஆனால் குலக் கூட்டத்தையோ நட்சத்திரத்தையோ மாற்றிக் கேட்டால், டெலிபோன் லைனில் அது வந்து சேர்வதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அவர் முகம் சுளித்தார். அவள் மாற்றினாள். இப்போது எல்லாப் பெண்களின் விவரமும் மொத்தமாகப் போய்விடும். பார்ப்பவரின் கம்ப்யூட்டரே பொறுக்கிக் காட்டும். க்ளிக் செய்ததும் வந்தது. மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

அப்புறம்தான் வில்லங்கம். குறிப்பு உள்ள பெண்களைப் பெரிய இடங்களுக்குக் காட்டக் கூடாது என்றார். விதவை, மணவிலக்கு, வெண்புள்ளி என்று அவர் போட்டுவைத்த குறிப்புகள். அப்படிப் பொறுக்க அந்தக் குறிப்புகளும் கூடவே போயாக வேண்டும். திரையில் தெரியாது, ஆனால் மெனுவில் பக்கத்தின் உள்ளெழுத்தைக் காட்டும் ‘சோர்ஸ்’ என்பதை அமுக்கினால் யாரும் படிக்கலாம். பக்கத்தை ஏற்றியும் ஆகிவிட்டது.

அந்தப் பெண்களில் அவளும் இருந்தாள். அம்மா பதிந்து வைத்தது. குறிப்பு: நிச்சயம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க வரும் பவானிக்காரர்களுக்கு அது தெரியாது. பையன் சுரேந்தருக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தன் குறிப்பை மட்டும் அழித்துவிடக் கை போனது. மற்ற பெண்களை நினைத்தாள்; அவமானமாக இருந்தது. சோர்ஸைத் திறந்து பொங்கியண்ணனிடமே காட்டினாள்.

“பாருங்கய்யா, யாரு வேணும்னாலும் படிச்சுருவாங்க. பழையபடி சர்வர்லயே செஞ்சு போடறனுங்க.”

அவர் விரல் வைத்து நிதானமாகப் படித்தார். முகம் தெளிந்தது.

“இதையெல்லாம் வாயால சொல்லோணுமேன்னு எனக்கு எத்தன சங்கட்டமுங்க அம்மணி. சொன்னாப் பொண்ணு ஊட்டுக்குப் பொல்லாப்பு. சொல்லாட்டி மாப்பள ஊட்டுக்குத் துரோகம். இனி எப்படித் தொறக்கறதுன்னு மட்டும் அவிங்களுக்குச் சொல்லிப்போட்டாப் போதுமுங்க.”

“வேண்டாமுங்கய்யா,” என்றாள்.

அவர் அதற்குள் பெங்களூருக்கு டயல் செய்திருந்தார். “சுரேந்தர் தம்பிங்களா? நம்ம சைட்டு ஏத்தியாச்சுங்க. அதுல உள்ளார பாக்க ஒரு வழி இருக்குது. இருங்க, நம்ம சண்முகப்பிரியாவே சொல்றாங்க.”

ரிசீவரை அவள் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“சொல்லுங்க,” என்றான் சுரேந்தர், மரியாதையாக.