மேனேஜருக்கு ஒரு கேக்

அக்கா மகளுக்கு வீட்டில் வைத்திருக்கும் பெயர் மேனேஜர். வைத்தது அத்தான். சாப்பாட்டு நாற்காலியில் உட்கார வைத்தால் போதும், முன்னாலிருக்கிற பலகையில் இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கி அடிப்பாள். வீட்டிலிருக்கிறவர்கள் போட்டது போட்டபடி ஓடி வர வேண்டும். வந்து நின்றால் எல்லோரையும் மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான், அதற்கு மேல் அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காக இருக்கும் அத்தான் அதைப் பார்த்துவிட்டு, "எங்க ஆபீஸ்ல இருக்கிற ஆள் அச்சு அசல் இதேதான்" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த மேனேஜருக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு வயது முடிகிறது. தாய்மாமனோ பதினான்கு வருஷமாக கேக் மாஸ்டர். மூன்றடுக்கு, ஐந்தடுக்கு, கப்பல், கார், கோட்டை என்று அவர் கைபடாத உருவம் பாக்கியில்லை. அப்படியிருக்க, சொந்த அக்கா மகளுக்கு கேக்கை யார் செய்வது என்ற பேச்சே எழக் கூடாது. ஆனால் எழுந்தது. எழுப்பியது அக்காவேதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு நாக்கு. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், மாஸ்டர் வேலை முடிந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனார். அன்றைக்குக் கப்பல் கேக்குக்குக் கடல் போட்டிருந்தார். நகக்கண்ணில் கொஞ்சம் நீல க்ரீம் மிச்சமிருந்தது. மடியில் கிடந்த குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடியது. பாசம் கண்ணை மறைக்க, மாஸ்டர் விரல் நுனியை அந்த நாக்கில் லேசாகத் தொட்டு எடுத்தார். குழந்தையின் கண் இரண்டும் அகல விரிந்தன. அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளேயிருந்து வந்தாள்.

"என்னடா குடுத்த?"

"ஒண்ணுமில்லையே" என்றார் மாஸ்டர், உலகத்திலுள்ள அப்பாவித்தனத்தையெல்லாம் முகத்தில் தடவிக்கொண்டு. மேனேஜர் அப்போதுதான் சிரித்தாள். நாக்கு பளீரென்று நீலமாக இருந்தது.

அக்கா பல் டாக்டரிடம் உதவியாளர். நாலு வயதுப் பிள்ளைகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுவதைத் தினமும் பார்க்கிறவள். இரண்டு வயது வரைக்கும் மகளுக்குச் சர்க்கரையே காட்டுவதில்லை என்று முடிவு கட்டி வைத்திருந்தாள். ஆனாலும் அவள் சத்தம் போடவில்லை. "குடுத்ததைக்கூட விட்டுடுவேன்டா. என் முகத்தைப் பார்த்து ஒண்ணுமில்லைன்னு சொன்ன பாரு" என்றாள். அதற்குப் பிறகு மாஸ்டரைக் குழந்தையோடு தனியாக விடுவதை நிறுத்திவிட்டாள். வரலாம், சாப்பிடலாம், கொஞ்சலாம். ஆனால் அவள் தண்ணீர் எடுக்க எழுந்தாலும் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போவாள். நாலு திட்டு திட்டியிருந்தால் மாஸ்டர் மறந்திருப்பார். இதை மறக்க முடியவில்லை. அவருக்கு அது உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது.

அதனால்தான் கேக்கைக் கடையில் வாங்கப்போவதாக அக்கா சொன்னதும் அவர் குறுக்கே விழுந்தார். "நான் செய்றேன். சர்க்கரை இல்லாம, கலர் இல்லாம. நீ சொல்றதைத் தாண்டி ஒரு கடுகளவு போட மாட்டேன்."

அக்கா கொஞ்ச நேரம் அவரை உற்றுப் பார்த்தாள். "சரி, செய். இதுதான் கடைசி" என்றாள். எதற்குக் கடைசி என்று கேட்க மாஸ்டருக்குத் தைரியம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், அவர் வேலை பார்க்கும் பேக்கரியில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் முதல் முயற்சி. வழக்கமான கலவையிலிருந்து சர்க்கரையை மட்டும் நீக்கினார். வெந்து வந்தது ஒரு செங்கல். அவருக்குத் தெரியாததா என்ன? கேக்கில் சர்க்கரை இனிப்புக்கு மட்டுமா இருக்கிறது? வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைப்பது அதுதான், ஈரம் காயாமல் காப்பது அதுதான், மேலே பொன்னிறம் ஏற்றுவதும் அதுதான். வீட்டுக்கே தூணாக இருந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டு, கூரை நிற்கவில்லையே என்றால் எப்படி நிற்கும்?

முதலாளியம்மா வந்து விரலால் தட்டிப் பார்த்தாள். "மாஸ்டர், பின்கதவு காத்துக்குச் சாத்திக்குது. இதை வச்சு முட்டுக் குடுக்கலாமா?"

புதன்கிழமை பேரீச்சம்பழத்தை அரைத்துப் போட்டதில் கேக் தார் ரோடு மாதிரி வந்தது. அத்தான் அதில் நாலு துண்டு தின்றுவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்றார். அத்தான் எதைத் தின்றாலும் அப்படித்தான் சொல்வார். அந்தச் சாட்சி செல்லாது.

அப்புறம்தான் மாஸ்டருக்குப் புத்தி வந்தது. முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்தால் காற்றுக்கு வழி பிறக்கும். தோலில் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழமும், வேகவைத்து மசித்த பேரிக்காயும் ஈரத்தைப் பார்த்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை கேக் தயங்கித் தயங்கி எழும்பி நின்றது. ஆனால் வாயில் போட்டால் அவருக்கு ஒரு ருசியும் தெரியவில்லை. பதினான்கு வருஷம் க்ரீம் கரண்டியை நக்கி நக்கி மரத்துப்போன நாக்கு அது. வாழைப்பழ இனிப்பெல்லாம் அதன் கணக்கிலேயே வரவில்லை. செவ்வாயிலிருந்தே டீயில் சர்க்கரையை நிறுத்தியிருந்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து பிஸ்கட்டையும் நிறுத்தினார். சனிக்கிழமை மதியம் இன்னொரு துண்டை எடுத்து மென்றபோது, எங்கோ அடியில் மெதுவாக ஒரு இனிப்பு தட்டுப்பட்டது. மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கரண்டியை வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கேக் கன கச்சிதமாக அமைந்தது. துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடித்த கெட்டித் தயிரை க்ரீமுக்குப் பதிலாக மேலே பூசினார். வழவழவென்று வெள்ளையாக நின்றது. மேலே பேரிக்காய்த் துண்டுகளை மெலிசாகச் சீவி வட்டமாக அடுக்கினார். பதினொரு மணிக்கு விருந்தாளிகள் வருவார்கள். பத்தாகப் போகிறது. கேக்கை அட்டைப்பெட்டிக்குள் இறக்கி, கடைசியாக ஒரு தடவை கண் குளிரப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மேஜையின் வலதுபக்கம் ஒரு ஆணியில், மாவாகப் பொடித்த சர்க்கரை நிரப்பிய டப்பாச் சல்லடை எப்போதும் தொங்கும். மாஸ்டர் கையிலிருந்து எந்தக் கேக் வெளியே போனாலும் பெட்டியை மூடுவதற்கு முன்னால் மேலே சல்லடையை மூன்று தட்டு தட்டுவார். அது அவர் கையெழுத்து மாதிரி.

முன்பக்கத்திலிருந்து முதலாளியம்மா குரல் கொடுத்தாள். "மாஸ்டர், பத்தரை மணி ஆர்டர் ரெடியா?"

"ரெடி ரெடி" என்று தலையைத் திருப்பிச் சொன்னார். தலை அந்தப் பக்கம் திரும்பியிருக்க, கை இந்தப் பக்கம் தன் பாட்டுக்கு ஆணியிலிருந்து சல்லடையை எடுத்து டப், டப், டப் என்று மூன்று தட்டு தட்டியது.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். பேரிக்காய் மேலும் தயிர் மேலும் வெள்ளை வெளேரென்று தூள் விழுந்து கிடந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தயிரின் ஈரத்தில் ஊறி, கரைந்து, இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கேக் முன்பு இருந்த மாதிரியே சாதுவாக உட்கார்ந்திருந்தது.

முதலாளியம்மா வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தோளைக் குலுக்கினாள். "அதான் கரைஞ்சுபோச்சே. யாருக்குத் தெரியப்போகுது? பெட்டியை மூடுங்க."

வாஸ்தவம். இந்தத் தடவை நாக்கு நீலமாகாது. ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த 'ஒருவருக்கும்' என்பதற்குள் தன்னைச் சேர்க்க முடியவில்லையே என்று மாஸ்டருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நீளக் கத்தியை எடுத்தார். பேரிக்காயை வழித்துப் போட்டார். தயிரை வழித்துப் போட்டார். அப்புறமும் மனசு ஆறாமல், கேக்கின் தலையையே ஒரு விரல்கடை உயரத்துக்குச் சீவி எடுத்தார். பூசுவதற்கு வேறு தயிர் இல்லை, வடிகட்ட நேரமும் இல்லை. ஐந்து நாள் தலைகீழாக நின்று செய்த கேக், குட்டையாக, பழுப்பாக, பெரிய பெட்டிக்குள் ஒரு மூலையில் ஒதுங்கியது. பார்த்தால் அழுகைதான் வந்தது.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். "பிறந்த நாளா? ஏன் தம்பி, மேல ஒண்ணையும் காணோம்?"

"இப்ப இதுதாம்மா ஃபேஷன்" என்றார் மாஸ்டர். வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"அப்படியா! எங்க வீட்டுலயும் இனிமே இப்படியே செய்யச் சொல்றேன்" என்றாள் அந்த அம்மா, முழுசாக நம்பி. இறங்குகிற வரைக்கும் மாஸ்டர் அந்தப் பொய்யை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நல்ல பொய். பரீட்சித்துப் பார்த்த பொய்.

அக்கா வீட்டில் அத்தான் நாற்காலி மேல் ஏறி நின்று, வாயில் பலூனை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். மேனேஜர் தரையில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த அக்கா மூடியைத் திறந்தாள்.

"ஏன்டா இப்படி மொட்டையா இருக்கு?"

ஃபேஷன் என்ற சொல் மாஸ்டரின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்தார். அதே முகம், ஏழு மாதத்துக்கு முன்னால் பார்த்த அதே முகம். "அக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து, சல்லடை, மூன்று தட்டு, கரைந்தது, சீவியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். "தெரிஞ்ச வரைக்கும் எல்லாத்தையும் எடுத்துட்டேன். ஆனா ஒரு துளிகூட இல்லைன்னு சத்தியம் பண்ண மாட்டேன். வேண்டாம்னா வச்சுடு. அத்தான் சாப்பிட்டுடுவார்."

அத்தான் ஊதிக்கொண்டிருந்த பலூன் கையை விட்டு நழுவி, புர்ரென்று கூடத்தைச் சுற்றிவந்து விழுந்தது. மேனேஜர் மட்டும் அதை ரசித்தாள்.

"நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுல்ல?" என்றாள் அக்கா.

"தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் ஏன்டா சொன்ன?"

"நீ கேட்டியே, அதான்."

அக்கா கேக்கை ஒரு தடவை பார்த்தாள், தம்பியை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் அத்தானைப் பார்த்து, "கீழ் வீட்டுல நாலு நாற்காலி கேட்டு வாங்கிட்டு வாங்க, ஆளுங்க வர்ற நேரமாச்சு" என்றாள். அத்தான் இறங்கிப் போனார். அக்கா இடுப்பிலிருந்த மகளை எடுத்து மாஸ்டரின் கையில் கொடுத்தாள்.

"இவளைப் பிடி. நான் டிரெஸ் மாத்திட்டு வரேன்."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூடத்தில் மாஸ்டரும் மேனேஜரும் கேக்கும் மட்டும். ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் கையில் அவள் தனியாக இருக்கிறாள். மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டார். மேனேஜருக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. மேஜை பக்கம் சாய்ந்து, கேக்கில் ஐந்து விரலையும் இறக்கி, ஒரு பிடி அள்ளி வாயில் அமுக்கிக்கொண்டாள். மென்றாள். கண் இரண்டும் அகல விரிந்தன. அடுத்த பிடியை அள்ளி மாமனின் வாயில் திணித்துவிட்டு, மேஜையில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "டேய், என்னடா குடுத்த?"

"கேக்!" என்று வாய் நிறைய வைத்துக்கொண்டு கத்தினார் மாஸ்டர். "அவளே எடுத்துக்கிட்டா!"

உள்ளே வளையல் மாற்றுகிற சத்தம் கேட்டது.

"சரி" என்றாள் அக்கா. கதவு திறக்கவில்லை.